‘நேபாளி’ என்றால் நேபாள நாட்டவரா? நாலு நாடுகளும் ‘எங்க ஆள் இல்லை’ என்று கைவிரித்தது ஏன்?

2025 மார்ச் மாத இறுதி. அமெரிக்காவில் இருந்து நாடு கடத்தப்பட்ட சிலர், பூட்டானின் பாரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அமெரிக்க அரசின் கோப்புகளில் அவர்கள் ‘பூட்டான் நாட்டவர்’. ஆனால் பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. விசாரித்துவிட்டு, வண்டியில் ஏற்றி, இந்திய எல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

இந்தியாவில் தங்க அவர்களுக்கு எந்த அனுமதியும் இல்லை. மேற்கு வங்கத்தைக் கடந்து நேபாளத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களில் 4 பேர், கிழக்கு நேபாளத்தின் ஜாபா மாவட்டத்தில் போலீசாரிடம் சிக்கினார்கள். குற்றச்சாட்டு: விசா இல்லாமல் நேபாளத்துக்குள் நுழைந்தது.

பேசுவது நேபாளி மொழி. பல ஆண்டுகள் வாழ்ந்தது நேபாள மண்ணில். கைது செய்ததும் நேபாள போலீஸ்தான்.

சரி, இவர்களை இனி எங்கே நாடு கடத்துவது? இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. உறவினர்கள் நேபாள உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவர்களை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது என 2025 ஏப்ரலில் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அதே நேரம், நேபாளம் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடும் அல்ல, நாடற்றவர்களுக்கான ஐ.நா. உடன்படிக்கைகளில் சேர்ந்த நாடும் அல்ல. அதனால் இவர்கள் யார் என்று சொல்ல அந்த நாட்டுச் சட்டத்தில் சரியான ஒரு பெயர்கூட கிடையாது.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததில்லை. அதன் வேர் ‘நேபாளி’ என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

ஒரே சொல், மூணு வேலை

ஒருவர் தமிழ் பேசுகிறார் என்றால் அவர் எந்த நாட்டுக்காரர் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. தமிழ்நாடாக இருக்கலாம், யாழ்ப்பாணமாக இருக்கலாம், சிங்கப்பூராக இருக்கலாம். மொழியின் பெயர் வேறு, நாட்டின் பெயர் வேறு.

நேபாளி விஷயத்தில் அப்படி இல்லை. அது ஒரு மொழியின் பெயர். அந்த மொழி பேசும் மக்களின் பெயர். ஒரு நாட்டுக் குடிமகனின் பெயரும் அதுவே. இந்த மூணும் ஒண்ணு என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சாதாரண ஆள் நினைத்தால் பரவாயில்லை, அரசாங்கமே அப்படி நினைக்கும்போதுதான் சிக்கல்.

உண்மையில் மூணும் வேறு வேறு. 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 92 லட்சம். அதில் நேபாளியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 45 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மைதிலி, போஜ்புரி, தாரு, தமாங் என்று அந்த நாட்டில் பதிவான மொழிகள் மட்டும் 124. அதாவது, நேபாளக் குடிமக்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நேபாளி தாய்மொழியே இல்லை. இன்னொரு பக்கம், நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்ட லட்சக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக இந்தியாவிலும் பூட்டானிலும் வாழ்கிறார்கள். நேபாளத்தைப் பார்த்தே இராதவர்களும் அவர்களில் உண்டு.

1958-ம் ஆண்டு வரி ரசீது இருக்கா?

முதலில் பூட்டான் கதையைப் பார்ப்போம். மேலே சொன்ன அந்த 4 பேரின் கதை தொடங்குவதும் அங்கேதான்.

பூட்டானின் தெற்குப் பகுதி தாழ்வான, காடடர்ந்த பூமி. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தே நேபாளி பேசும் விவசாயிகள் அங்கே குடியேறி, காட்டைத் திருத்தி நிலமாக்கினார்கள். பூட்டானியர்கள் இவர்களை ‘லோட்ஷாம்பா’ என்று அழைத்தார்கள். தெற்கத்திக்காரர்கள் என்று பொருள். பெரும்பாலானோர் இந்துக்கள். 1958-ல் பூட்டான் தேசியக் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது இவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. அரசு வேலையில் சேர்ந்தார்கள், பிள்ளைகள் பள்ளியில் நேபாளியும் படித்தார்கள்.

அப்புறம் ஏன் எல்லாம் தலைகீழாச்சு? பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்து பூட்டான் பயந்தது. 1975-ல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது. அங்கே பெரும்பான்மை நேபாளி பேசும் மக்கள். 1986-ல் டார்ஜிலிங்கில் தனி மாநிலம் கேட்டு கூர்க்காலாந்து போராட்டம் வெடித்தது. ‘நாளைக்கு நமக்கும் இதே கதிதானோ’ என்ற அச்சம் திம்புவில் பரவியது. சின்ன நாடு, சின்ன மக்கள்தொகை. பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் விஷயம்.

1985-ல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால் தாய், தந்தை இருவருமே பூட்டானியராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1958 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன்பிருந்தே பூட்டானில் வசித்ததற்கும், பதிவேட்டில் பெயர் இருந்ததற்கும் ஆதாரம் வேண்டும்.

1988-ல் தெற்கு மாவட்டங்களில் கணக்கெடுப்புக் குழுக்கள் இறங்கின. வீடு வீடாகப் போய் 1958-ம் ஆண்டு நில வரி ரசீதைக் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ரசீது, அதுவும் குறிப்பிட்ட அந்த ஒரு வருடத்தின் ரசீது! அதற்கு முந்தைய ஆண்டு ரசீதைக் காட்டியும் ஏற்கவில்லை என்று பின்னாளில் அகதிகள் பலர் சொன்னார்கள். நம் வீட்டில் முப்பது வருடத்துக்கு முந்தைய வீட்டு வரி ரசீது இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மக்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். எஃப்1 என்றால் அசல் பூட்டானியர். எஃப்7 என்றால் வெளிநாட்டவர். நடுவில் கலப்புத் திருமணம், தத்தெடுப்பு, ஊரை விட்டுப் போய்த் திரும்பியவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரே குடும்பத்தில் கணவன் ஒரு வகை, மனைவி வேறொரு வகை என்று பிரிந்த வீடுகளும் உண்டு.

அடுத்து, வடக்குப் பகுதியின் உடையும் ஒழுங்குமுறையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டன. பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்து நேபாளி மொழி நீக்கப்பட்டது. அரசவை ஆலோசனை மன்றத்தில் உறுப்பினராக இருந்த டெக் நாத் ரிசால், கணக்கெடுப்பு குறித்து மன்னரிடம் 1988-ல் மனு கொடுத்தார். பலன், பதவி பறிபோனது. நேபாளத்துக்குப் போனவரை 1989-ல் அங்கிருந்தே பிடித்துக்கொண்டு வந்தார்கள். 1999 இறுதியில்தான் விடுதலை.

1990-ல் தெற்கு மாவட்டங்களில் பெரிய அளவில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. வன்முறையும் இருந்தது. இது தேசவிரோதிகளின் வேலை, வெளியேறியவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லது தாமாகப் போனவர்கள் என்பது பூட்டான் அரசின் வாதம். கைது, சித்திரவதை, மிரட்டல், வீடு இடிப்பு என்பது வெளியேறியவர்களின் சாட்சியம். ‘சொந்த விருப்பத்தில் போகிறோம்’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பலரை அனுப்பினார்கள். இந்தப் படிவம்தான் பிற்பாடு அவர்களுக்கே எமனாக வந்தது.

முகாமில் போன பதினேழு வருஷம்

பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் இந்தியா இருக்கிறது. வெளியேறியவர்கள் அசாம், மேற்கு வங்கம் வழியாக நேபாள எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜாபா, மொராங் மாவட்டங்களில் 7 முகாம்கள் உருவாகின. ஒரு கட்டத்தில் அங்கே இருந்தவர்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பூட்டானின் அன்றைய மக்கள்தொகையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. மொத்த மகிழ்ச்சிக் குறியீட்டுக்காக உலகம் கொண்டாடும் நாட்டின் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

நேபாளமும் பூட்டானும் பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்தின. ஒரு முகாமில் மட்டும், குதுனாபாரியில், சுமார் 12,000 பேரைக் கூட்டுக் குழு சரிபார்த்தது. 2003-ல் முடிவு வந்தது. ‘கட்டாயமாக வெளியேற்றப்பட்ட பூட்டானியர்’ என்று ஏற்கப்பட்டவர்கள் சுமார் 2.5 சதவீதம் மட்டுமே. ‘தாமாக வெளியேறியவர்கள்’ சுமார் 70 சதவீதம். அந்தப் படிவம் செய்த வேலை இதுதான். கடைசியில் பார்த்தால் அந்த 2.5 சதவீதத்தினரும் ஊர் திரும்பவில்லை. 2007-ல் பூட்டானுக்கு நடந்தே போக முயன்றவர்கள் மெச்சி ஆற்றுப் பாலத்தில் இந்தியப் பாதுகாப்புப் படையினரால் தடுக்கப்பட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் ஏற்பட்டது. ‘இது பூட்டான், நேபாளம் இரு நாட்டுப் பிரச்சினை’ என்பதே இந்தியாவின் நிலைப்பாடு.

அதன் பிறகுதான் மூன்றாம் நாடுகளில் குடியமர்த்தும் திட்டம் வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டென்மார்க், நார்வே, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய 8 நாடுகள் 1,13,000-க்கும் மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டன. அதில் பெரும்பங்கு, 90,000-க்கும் மேல், அமெரிக்காவுக்குப் போனது. ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்களில் இன்று இவர்களின் பெரிய குடியிருப்புகளே இருக்கின்றன. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், நர்ஸாக இருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள்.

கதை அங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. கிரீன் கார்டோடு நின்றவர்களும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் சில வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றால், தண்டனை முடிந்த பிறகும் அவரை நாடு கடத்த அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2025-ல் அப்படி அனுப்பப்பட்டவர்கள்தான் பாரோவில் வந்து இறங்கியவர்கள். அவர்களில் நேபாள முகாமிலேயே பிறந்தவர்களும் உண்டு. அவர்கள் பூட்டானைப் பார்த்ததே அன்றைக்குத்தான்!

இதில் இன்னொரு விசித்திரம். அகதிகளுக்கு அமெரிக்கா கதவைத் திறந்ததும், நேபாளக் குடிமக்கள் சிலர் பல லட்சம் ரூபாய் கொடுத்துத் தங்களை ‘பூட்டான் அகதி’ ஆக்கிக்கொள்ள முயன்றார்கள். 2023-ல் இந்தப் போலி அகதி மோசடி வெளியே வந்தது. நேபாளத்தின் முன்னாள் உள்துறை அமைச்சர் பால கிருஷ்ண காண்ட், முன்னாள் துணைப் பிரதமர் டோப் பகதூர் ராயமாஜி ஆகியோர் இந்தக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்கள். ஒரு பக்கம் குடியுரிமைக்காக ஏங்கும் அகதி, இன்னொரு பக்கம் குடியுரிமையை மறைத்து அகதியாகத் துடிக்கும் குடிமகன்!

தமிழில் ‘கூர்க்கா’ என்றால்...

இனி இந்தியா. தமிழ்நாட்டில் ‘கூர்க்கா’ என்று சொன்னால் உடனே ஞாபகத்துக்கு வருவது என்ன? ராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றி வரும் காவலாளி. ஒரு மக்களின் பெயரே நம் பேச்சில் ஒரு வேலையின் பெயராக மாறிவிட்டது. அந்த ஆள் நேபாளத்தில் இருந்து பிழைப்பு தேடி வந்தவராக இருக்கலாம். டார்ஜிலிங்கில் பிறந்த இந்தியக் குடிமகனாகவும் இருக்கலாம். யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் உள்ள நேபாளி மொழிக்காரர்களின் வருத்தமே இதுதான். 1815-16 சுகௌலி ஒப்பந்தத்தில் நேபாளம் இழந்த மலைப் பகுதிகள் பிரிட்டிஷாரிடம் போயின. 1835-ல் டார்ஜிலிங்கைச் சிக்கிமிடம் இருந்து பிரிட்டிஷார் பெற்றார்கள். தேயிலைத் தோட்டங்கள் வந்தன, தொழிலாளர்கள் வந்தார்கள். ஐந்தாறு தலைமுறை ஓடிவிட்டது. அரசியல் நிர்ணய சபையிலேயே டார்ஜிலிங்கின் அரி பகதூர் குருங் உறுப்பினராக இருந்தார்.

அப்புறம் என்ன பிரச்சினை? 1950 ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட அமைதி, நட்புறவு ஒப்பந்தம். அதன் 7-வது பிரிவு, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வசிக்கவும், சொத்து வாங்கவும், தொழில் செய்யவும், நடமாடவும் உரிமை தருகிறது. நேபாளக் குடிமக்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இந்திய கூர்க்காக்களுக்கு இதுவே தலைவலி. ‘நீங்க இங்கே இருப்பது அந்த ஒப்பந்தத்தினால்தானே’ என்று யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். குடிமகனா, விருந்தாளியா என்ற கோடு அழிந்துபோகிறது.

1986-ல் மேகாலயாவில் இருந்து நேபாளி பேசும் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டபோது இந்தப் பயம் நிஜமானது. அதே ஆண்டு சுபாஷ் கீசிங் தலைமையிலான கூர்க்கா தேசிய விடுதலை முன்னணி, 1950 ஒப்பந்தத்தின் நகல்களைக் கொளுத்தியது. இரண்டு ஆண்டு கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1988 ஆகஸ்ட் 23 அன்று மத்திய அரசு ஒரு அரசிதழ் அறிவிப்பு வெளியிட்டது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது இங்கே நிலையாக வசித்த கூர்க்காக்கள் இந்தியக் குடிமக்களே என்று அது தெளிவுபடுத்தியது. தன் சொந்தக் குடிமக்களைப் பற்றி ஒரு நாடு இப்படித் தனியாக அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது!

மொழியின் பெயரிலும் சண்டை. பிரதமராக இருந்தபோது மொரார்ஜி தேசாய் நேபாளியை அந்நிய மொழி என்று சொல்லி, டார்ஜிலிங் மக்களின் கோபத்துக்கு ஆளானார். ‘நேபாளி’ என்ற பெயரே வேண்டாம், ‘கூர்க்கா மொழி’ என்று வையுங்கள் என்பது கீசிங் தரப்பு. வேடிக்கை என்னவென்றால், கோர்க்கா என்பதும் நேபாளத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயர்தான். கடைசியில் 1992-ல் கொங்கணி, மணிப்புரியோடு சேர்த்து ‘நேபாளி’ என்ற பெயரிலேயே எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2007-ல் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் டிவி பாட்டுப் போட்டியில் ‘இந்தியன் ஐடல்’ பட்டம் வென்றார். அப்போது அவர் கொல்கத்தா போலீசில் வேலை பார்த்து வந்தார். ஒரு ரேடியோ தொகுப்பாளர், காவலாளி வேலையை வைத்துக் கிண்டலடிக்க, சிலிகுரியில் கலவரமே மூண்டது. 2023 ஜனவரியில் வருமான வரி தொடர்பான ஒரு வழக்கின் தீர்ப்பில், சிக்கிம் நேபாளிகளை ‘வெளிநாட்டு வம்சாவளியினர்’ என்று குறிக்கும் வரி ஒன்று இடம்பெற்றது. சிக்கிம் முழுக்கப் போராட்டம். மாநில அமைச்சர் ஒருவர் ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த வரியை நீக்கிவிட்டது.

சரி, நேபாளத்துக்குள் எல்லாம் ஒழுங்கா?

அங்கேயும் கதை சுலபமில்லை. நேபாளத்தில் ‘நாகரிக்தா’ எனப்படும் குடியுரிமைச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, நிலம், அரசு வேலை எதுவும் நடக்காது. 16 வயதானதும் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் போய் வாங்க வேண்டும். அப்பாவின் சான்றிதழைக் காட்டினால் வேலை முடிந்தது. அம்மாவின் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது என்றால்?

2015 அரசியல் சாசனம் ‘தாய் அல்லது தந்தை’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த வரிகளில் நிபந்தனைகள் வருகின்றன. தந்தை யாரென்று தெரியவில்லை என்று தாய் சொல்ல வேண்டும். தந்தை வெளிநாட்டவர் என்றால் பிள்ளைக்கு இயல்புரிமைக் குடியுரிமை மட்டுமே. அந்த வகைக் குடியுரிமையோடு ஜனாதிபதியாகவோ பிரதமராகவோ ஆக முடியாது. நேபாள ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால், அவள் பழைய குடியுரிமையை விடத் தொடங்கிய உடனே விண்ணப்பிக்கலாம். நேபாளப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அந்த வழியே இல்லை.

இதற்குப் பின்னால் இருப்பதும் பூட்டானில் பார்த்த அதே பயம்தான், திசை மட்டும் வேறு. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசி மக்களுக்கும் பீகார், உத்தரப் பிரதேச மக்களுக்கும் தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு உண்டு. ‘ரோட்டி-பேட்டி’ உறவு என்பார்கள். பிறப்பின் அடிப்படையில் குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகள் பல ஆண்டுகள் சான்றிதழே இல்லாமல் தவித்தார்கள். நாடாளுமன்றம் 2022-ல் இரண்டு முறை மசோதா நிறைவேற்றியும், அப்போதைய ஜனாதிபதி வித்யா தேவி பண்டாரி கையெழுத்துப் போடவில்லை. 2023 மே 31 அன்றுதான் புதிய ஜனாதிபதி ராம் சந்திர பௌடேல் ஒப்புதல் அளித்தார்.

உள்துறை அமைச்சருக்கே குடியுரிமை இல்லை!

அதே 2023 ஜனவரியில் காத்மாண்டுவில் ஒரு பெரிய பரபரப்பு. டிவி தொகுப்பாளராக இருந்து அரசியலுக்கு வந்த ரபி லாமிச்சானே, நாட்டின் துணைப் பிரதமர், உள்துறை அமைச்சர். அதாவது குடியுரிமை வழங்கும் துறையே அவர் கையில். முன்பு அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, பின்பு அதைத் துறந்தவர். நேபாளத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நிமிடமே நேபாளக் குடியுரிமை போய்விடும். அதைத் திரும்பப் பெற முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். லாமிச்சானே அதைச் செய்யவில்லை, பழைய சான்றிதழை வைத்தே தேர்தலில் நின்றுவிட்டார்.

ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமைச்சர் பதவி, எம்.பி. பதவி இரண்டும் போயின. அமெரிக்கக் குடியுரிமையும் இல்லை, நேபாளக் குடியுரிமையும் இல்லை. ஆனால் அவருக்கு அந்த நிலை நீடித்தது இரண்டே நாள்தான். ஜனவரி 29 அன்று புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஏப்ரலில் இடைத்தேர்தலில் நின்று சித்வானில் ஜெயித்தார். பெல்டாங்கி முகாமில் பிறந்த ஒருவருக்கு முப்பது வருடத்தில் நடக்காத வேலை அது.

வெளிநாடு வாழ் நேபாளிகளுக்கு என்று தனிக் குடியுரிமை ஒன்றும் 2015 அரசியல் சாசனத்தில் இருக்கிறது. சொத்து வாங்கலாம், தொழில் தொடங்கலாம்; ஓட்டுப் போடவோ தேர்தலில் நிற்கவோ முடியாது. 2021 கணக்கெடுப்பின்போது சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்த நாடு அது. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பொருளாதாரத்தின் கணிசமான பகுதி ஓடுகிறது. அதனால் அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவர்களைக் கைவிட நேபாளத்துக்கு மனமில்லை.

ஆனால் இதிலும் ஒரு வரி இருக்கிறது. சார்க் நாடுகளின் குடியுரிமை பெற்றவர்களுக்கு இது கிடையாது. அதனால் இந்தியா, பூட்டான் இரண்டுமே வெளியே. விண்ணப்பிப்பவரோ, அவரது பெற்றோரோ, தாத்தா பாட்டியோ முன்பு நேபாளக் குடிமக்களாக இருந்திருக்கவும் வேண்டும். ஒஹாயோவில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட லோட்ஷாம்பா ஒருவர், நேபாள முகாமிலேயே பிறந்திருந்தாலும், அவரால் பொதுவாக இதைப் பெற முடியாது. அவருடைய தாத்தா வைத்திருந்தது பூட்டான் சான்றிதழ்தானே.